கடைமடைக் கட்டில்

புருஷன் வெங்கடேசனுக்குப் பன்னிரண்டாம் கட்டிலைக் காட்டியதுமே ஜெயசுதா, "வேற கட்டில் இல்லீங்களா?" என்று கேட்டாள். கட்டில் கிடைத்ததே முன்னோர் செய்த புண்ணியம் என்று ஊரே கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த கொரோனாக் காலத்து வைகாசி மாதம் அது. கள்ளக்குறிச்சியில் அந்த ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் கல்யாண ஊர்வலம் போல வரிசையில் நின்றன. அதில் நான்கு மணி நேரம் காத்திருந்து உள்ளே வந்தவள், கட்டிலைப் பார்த்ததும் முகம் சுண்டி நின்றாள்.

காரணம் இருந்தது. வார்டுக்கு வெளியே ஆக்ஸிஜன் சிலிண்டர் அறை. அங்கிருந்து ஒரு செம்புக் குழாய் கதவுக்கு மேலே நுழைந்து, சுவரோரமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டில்களுக்குப் பிரிந்து பிரிந்து பன்னிரண்டில் வந்து முடிந்துவிடும். எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் இரண்டு காணி நிலத்தில் நெல்லும் கரும்பும் போடுகிறவள் ஜெயசுதா. வாய்க்காலில் கடைசி வயல்காரன் கதி என்ன என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மேல்மடைக்காரன் குளித்துக் கும்மாளம் போட்ட பிறகு மிச்சம் மீதி வந்தால்தான் கடைமடைக்கு. தன் புருஷனைக் கொண்டுபோய்க் கடைமடையில் படுக்க வைத்துவிட்டார்களே என்று அவளுக்குப் பதறியது.

ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு கண்ணாடிக் குழல். அதற்குள் ஒரு சின்னக் குண்டு. பக்கத்தில் ஒரு திருகு, அடியில் தண்ணீர் பாட்டில். திருகைத் திறந்தால் பாட்டிலில் குமிழி கொப்பளிக்கும், குண்டு மேலே ஏறும். எந்த எண்ணில் குண்டு நிற்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைச் சிஸ்டர் ஒரு பிளாஸ்திரியில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். வெங்கடேசனுக்கு ஐந்து. பக்கத்துப் பதினொன்றாம் கட்டிலில் இருந்த சின்னப்பொண்ணுவுக்கு ஆறு. அதென்ன அவளுக்கு மட்டும் ஒன்று ஜாஸ்தி என்பது முதல் நாளே ஜெயசுதாவின் மனசில் முள்ளாகத் தைத்தது.

நோயாளியோடு வார்டுக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது சட்டம். பன்னிரண்டு கட்டிலுக்கு இரண்டு நர்ஸ் என்பது நிலவரம். சட்டமும் நிலவரமும் மோதினால் எது ஜெயிக்கும் என்று தெரியாதா? கட்டிலுக்கு ஒருவர் முகக்கவசத்தை இறுகக் கட்டிக்கொண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டரின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடுப்பின் நெஞ்சில் மார்க்கரால் 'மணிமொழி' என்று எழுதியிருந்ததால் பெயர் தெரிந்தது.

"விரல்ல மாட்டியிருக்கிற கிளிப்புல தொண்ணூத்தி நாலு காட்டினா போதும். திருகுல மட்டும் யாரும் கை வைக்காதீங்க" என்று மணிமொழி தினமும் பத்துத் தடவை சொன்னாள்.

போதுமாவது! பையன் பரீட்சையில் தொண்ணூற்று நான்கு வாங்கி வந்தால் மீதி ஆறு எங்கேடா என்று கேட்கிற ஜனம் இது. இரண்டாம் நாள் காலையில் சிஸ்டர் முதுகைத் திருப்பிய நேரம் பார்த்து ஜெயசுதா திருகை ஒரு சுற்று சுற்றினாள். குண்டு பத்துக்குப் போனது. கிளிப்பில் தொண்ணூற்று எட்டு வந்தது. வெங்கடேசன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அந்த ஒரு பார்வைக்கு அவள் கோயிலையே பெயர்த்துக் கொண்டுவந்து கொடுத்திருப்பாள்.

அவள் ஒருத்திக்குத்தான் இந்தப் புத்தி என்று நினைக்க வேண்டாம். சிஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டால் குண்டுகள் எல்லாம் நல்ல பிள்ளைகளாக இறங்கி நிற்கும். சத்தம் தள்ளிப் போனதும் பத்துக்கு ஏறும். கொஞ்சம் கொடுத்தால் நல்லது என்றால் நிறையக் கொடுத்தால் ரொம்ப நல்லதுதானே என்று எல்லாரும் நினைத்தார்கள். பயிருக்குத் தண்ணீர் விட்டுப் பழகிய கைகள் வேறு எப்படி நினைக்கும்?

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அந்தச் சம்பவம் நடந்தது. அதைச் சம்பவம் என்று சொல்வதே ஜெயசுதாவுக்காக நாம் காட்டுகிற தயவு.

வெங்கடேசனின் பாட்டிலில் குமிழி திடீரென்று சோர்ந்தது. பத்தில் நின்ற குண்டு எட்டுக்கு இறங்கியது. கிளிப்பில் தொண்ணூற்று எட்டு, ஏழு, ஐந்து. சிஸ்டர் இருவரும் மூன்றாம் கட்டிலில் ஒரு பெரியவரோடு போராடிக்கொண்டிருந்தார்கள். ஜெயசுதா ஸ்டூலை விட்டு எழுந்தாள். "ஐயோ, கடைமடை காயுது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பதினொன்றாம் கட்டிலைப் பார்த்தாள். சின்னப்பொண்ணு கண்ணை மூடிக் கிடந்தாள். அவள் புருஷன் ராஜாங்கம் வெந்நீர் பிடிக்க வெளியே போயிருந்தான். கருணாபுரத்துக்காரர்கள். அவன் மூட்டை தூக்குகிறவன், அவள் கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போகிறவள்.

வயலில் கடைமடைக்குத் தண்ணீர் மெலிந்தால் ஜெயசுதா என்ன செய்வாளோ அதையே செய்தாள். மேலே நடந்து போய் ஒரு கூடை சேற்றை மேல்மடையில் போட்டு அடைப்பாள். அதை ஊரில் யாரும் பாவம் என்று சொல்வதில்லை, சாமர்த்தியம் என்பார்கள். அவள் கை நீண்டது. சின்னப்பொண்ணுவின் திருகை மூன்றுக்கு இறக்கிவிட்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

வெளியே யாரோ காலி சிலிண்டரை மாற்றினார்கள் போல, கொஞ்ச நேரத்தில் குமிழி தானாகவே பழையபடி கொப்பளித்தது. அவள் அடைத்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இறக்கிய திருகை ஏற்றிவிடலாம் என்று எழுவதற்குள் ராஜாங்கம் வந்துவிட்டான். பெண்டாட்டி வாயைப் பிளந்து இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த பாத்திரம் தரையில் விழுந்து வெந்நீர் சிதறியது.

"யம்மா, இன்னாங்க இது? குண்டு மூணுல நிக்குது?" என்று அலறிக்கொண்டே திருகைப் பத்துக்கு ஏற்றினான்.

"கரண்டு கம்மியா இருக்கும் போலப்பா" என்றாள் ஜெயசுதா. காற்றுக்கும் கரண்டுக்கும் என்ன உறவு என்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவன் நம்பினான். சின்னப்பொண்ணுவின் மூச்சு திரும்ப அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் ஜெயசுதா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு மணிமொழி வார்டின் நடுவில் வந்து நின்று கையைத் தட்டினாள்.

"எல்லாரும் கேளுங்க. வெளிய இருக்கிறது ரெண்டே சிலிண்டர். வரவேண்டிய லாரி வரல, எப்ப வரும்னு யாருக்கும் தெரியல. காலையில மேலிடத்திலேருந்து போன் போட்டுக் கேக்குறாங்க, மத்த வார்டுல ஆகுறதைப் போல ரெண்டு மடங்கு காத்து உங்க வார்டுல மட்டும் ஏன் ஆகுதுன்னு. குழாயில ஓட்டை இருக்குன்னு நெனச்சிக்கினு ஒவ்வொரு மூட்டுலயும் சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தேன். ஒரு நுரை வரல. ஓட்டை குழாயில இல்லங்க."

எல்லாரும் அவரவர் நோயாளியின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர் எழுதின அளவுல வச்சா இந்த ரெண்டு சிலிண்டர் மூணு மணி வரைக்கும் வரும். இப்ப நீங்க வச்சிருக்கிற அளவுல ஓடினா ஒரு மணிக்குக் காலி. கல்வராயன் மலையில ஒரு சுகாதார நிலையத்துல ஆறு சிலிண்டர் வந்து எறங்கினதோட கெடக்கு. ஊசி போட்டா செத்துடுவோம்னு மலை ஜனம் பயந்துக்கினு ஆஸ்பத்திரிப் பக்கமே வரல. அங்க காத்து இருக்கு, ஆளு இல்ல. இங்க ஆளு இருக்கு, காத்து இல்ல. ஜீப்பு கெளம்பிட்டுது. வந்து சேர மத்தியானம் ரெண்டு மணி ஆவும்."

"மலையில இருக்கிறதை நேத்தே கொண்டாந்தா இன்னா?" என்று கத்தினார் ஒன்பதாம் கட்டிலுக்குத் துணையாக இருந்த கந்தசாமி. அவருடைய தம்பி அந்தக் கட்டிலில் கிடந்தார்.

"நேத்து இங்க எவ்ளோ வேணும்னு நான் தப்பாத்தானங்க கணக்குக் குடுத்தேன்? பன்னெண்டு பேருக்கு எழுதினேன். நீங்க இருபத்தி நாலு பேருக்கு எடுத்தீங்க."

இன்னொரு சிஸ்டர் மூன்றாம் கட்டில் பெரியவரை விட்டு நகர முடியாமல் நின்றாள்.

மணிமொழி ஒன்றாம் கட்டிலில் தொடங்கித் திருகுகளைத் தன் கையாலேயே இறக்கிக்கொண்டு வந்தாள். அவள் ஆறாம் கட்டிலுக்கு வரும்போது ஒன்றாம் கட்டிலில் குண்டு மறுபடி பத்தில் இருந்தது. திரும்பி ஓடினாள். அவள் அங்கே ஓட, இங்கே ஏறியது. கோழி விரட்டுகிற கதைதான். ஐந்தாம் கட்டிலில் மலையிலிருந்து வந்த காசியம்மாளுக்குத் துணையாக இருந்த அவள் தம்பி ஒருவன்தான் மூன்று நாளாகத் திருகைத் தொடவே இல்லை.

"எல்லாரும் கொறைச்சா நானும் கொறைக்கிறன்" என்றார் கந்தசாமி.

"நீ மொதல்ல கொறை, நான் அப்புறம் கொறைக்கிறன்" என்றது எதிர்க் கட்டில்.

மணிமொழி குரல் உடைந்து, "ஒரு மணிக்கு எல்லாருக்கும் நின்னுடும்ங்க" என்றாள். அந்த உடுப்புக்குள் அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. அழுகிற நர்ஸைப் பார்த்ததும் வார்டே பேயறைந்தது போல ஆனது.

எல்லாருக்கும் நிற்குமாம்! ஜெயசுதாவுக்குத் தெரியும், முதலில் காய்வது எது என்று. பன்னிரண்டு. கடைசிச் சொட்டு மேல்மடையோடு முடிந்துவிடும். வெங்கடேசனின் நெஞ்சு ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்தாள். இரண்டு மணி நேரத்தில் இது அசையாமல் நின்றுபோகும் என்று தோன்றியது. அவள் எழுந்துவிட்டாள்.

"சிஸ்டர், எங்க ஊர்ல பங்குக் கெணறு ஒண்ணு இருக்கு. எங்க வூட்டுக்கும் பங்காளி வூட்டுக்கும் பொது. எங்க மாமனார் காலத்துல தண்ணித் தகராறுல மம்புட்டியால வெட்டிக்கினாங்க. அப்புறம் பஞ்சாயத்துல ஒரு மொறை வச்சாங்க. எங்க மொறை அன்னிக்கு எங்க மடையில நாங்க கை வைக்கக் கூடாது. பங்காளி வூட்டு ஆளு வந்துதான் தொறப்பான், அவன்தான் அடைப்பான். அவங்க மொறைக்கு நாங்க போவோம். அவன் மடை என் கையில, என் மடை அவன் கையில. அன்னியிலேருந்து ஒரு சொட்டு ஜாஸ்தியும் போனதில்ல, கம்மியும் போனதில்ல."

வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கிணற்றுப் பங்கு தெரிந்தவர்கள். கந்தசாமி தலையை ஆட்டி, "நாயமான பேச்சு. எங்க பக்கமும் உண்டு" என்றார்.

மணிமொழிக்கு உயிர் வந்தது. "சரிங்க. எல்லாரும் எழுந்திருங்க. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் மாறி உக்காருங்க. ஒண்ணும் ரெண்டும், மூணும் நாலும். உங்க ஆளோட திருகுல நீங்க கை வைக்கக் கூடாது. பக்கத்து ஆளோடதுல பிளாஸ்திரில எழுதின அளவுக்கு மேலயும் போகக் கூடாது, கீழயும் வரக் கூடாது. கிளிப்புல தொண்ணூறுக்குக் கீழ வந்தா என்னைக் கூப்பிடுங்க. கடைசியா பதினொண்ணும் பன்னெண்டும்."

பதினொன்றும் பன்னிரண்டும். தன் வாயால் தானே கெட்ட தவளை எது என்று கேட்டால் இனி ஜெயசுதாவைக் காட்டலாம்.

"சிஸ்டர், நான் வேணும்னா பத்தாங் கட்டிலுக்குப் போறனே…"

"எல்லாம் ஒண்ணுதாம்மா. போங்க, நேரம் ஆவுது."

ராஜாங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து வெங்கடேசனின் தலைமாட்டில் உட்கார்ந்தான். பெரிய கை. மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன விரல்கள். அந்த விரல்களால் திருகைப் பிடித்துப் பத்திலிருந்து ஐந்துக்கு இறக்கினான். ஜெயசுதா சின்னப்பொண்ணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குண்டை ஆறில் நிறுத்தினாள். கையை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

சின்னப்பொண்ணு கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். மூக்கையும் வாயையும் மாஸ்க் மூடியிருந்தது. கண் மட்டும் ஜெயசுதாவின் வலது கையின் மேல் இருந்தது. ஜெயசுதா கையை மடியில் வைத்தாள். கண் மடிக்கு வந்தது. முந்தானைக்குள் வைத்தாள். கண் அங்கேயும் வந்தது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. இவள் காலையில் தூங்கினாளா, கண்ணை மூடிக் கிடந்தாளா? பார்த்தாளா? பார்த்ததைப் புருஷனிடம் சொன்னாளா? சொல்லியிருந்தால் அவன் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறான்! அவன் முதுகு அகலமான முதுகு. அது மறைத்ததில் வெங்கடேசனின் குண்டு அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணே" என்றாள். காலை ஏழு மணிக்கு 'போலப்பா' என்று பேசியவள். "அண்ணே, எவ்ளோ காட்டுது?"

"தொண்ணூத்தியாறுங்கம்மா."

கொஞ்ச நேரம் கழித்துத் தொண்ணூற்று நான்கு என்றான். பிறகு தொண்ணூற்று மூன்று.

"குண்டு எதுல நிக்குது?"

"அஞ்சுலதாங்க."

ஐந்தில்தான் நிற்கிறது என்று இவன் சொன்னால் ஆயிற்றா? காலையில் நானும்தான் கரண்டு என்று சொன்னேன் என்று நினைத்தாள். தொண்ணூற்றிரண்டு என்றான். தொண்ணூற்றொன்று என்றான். வெங்கடேசன் தலையை இப்படியும் அப்படியும் புரட்டினான். அந்த நேரம் ராஜாங்கத்தின் கை எழுந்து திருகுப் பக்கம் போவதை ஜெயசுதா பார்த்தாள்.

என் புருஷனைக் கொல்கிறான் என்று நினைத்தாள். அவள் கை அவளைக் கேட்காமலே சின்னப்பொண்ணுவின் திருகுக்குப் போனது. நீ அங்கே ஒன்று குறைத்தால் நான் இங்கே ஒன்று. விரல் திருகில் பட்டபோது சின்னப்பொண்ணு அசைந்தாள். கத்தவில்லை, கையைத் தட்டிவிடவும் இல்லை. உடம்பைச் சுவர்ப் பக்கமாக ஒரு விரற்கடை ஒடுக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். அடி விழப் போகிறது என்று தெரிந்தவர்கள் ஒடுங்குகிற ஒடுக்கம். ஜெயசுதா கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று கூவினாள்.

மணிமொழி ஓடி வந்தாள். "யாரு கை வச்சது?"

"நான் இல்லங்க. பெட்சீட்டு பாட்டில் மேல விழுந்துக்கினு இருந்துச்சு, எடுத்துவிட்டேன். குண்டைப் பாருங்க, அஞ்சுலதான் நிக்குது" என்று ராஜாங்கம் நகர்ந்து காட்டினான். குண்டு ஐந்துக் கோட்டில் அப்படியே நின்றது.

மணிமொழி வெங்கடேசனைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "மல்லாக்கப் போட்டு வச்சிருக்கீங்களே! மூணு நாளா குப்புறப் படுக்க வைங்க, குப்புறப் படுக்க வைங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன். திருகைத் திருப்பினா நம்பரு ஏறிடுது, மனுசனைத் திருப்புவானேன்னு விட்டுட்டீங்க. பிடிங்கண்ணா அந்தப் பக்கம்."

அவளும் ராஜாங்கமும் சேர்ந்து வெங்கடேசனைக் குப்புறப் புரட்டி, நெஞ்சுக்கு அடியில் தலையணை வைத்தார்கள். கால் மணி நேரத்தில் தொண்ணூற்று நான்கு வந்தது. அதே ஐந்தில். மூன்று நாளாகக் காற்றைக் கொட்டி வாங்கிய எண்ணை ஒரு தலையணை வாங்கித் தந்துவிட்டது. மற்ற கட்டில்களிலும் ஆளைப் புரட்டத் தொடங்கினார்கள்.

ஒரு மணி அடித்தது. பன்னிரண்டு குண்டும் நின்ற இடத்தில் நின்றன. கந்தசாமி பத்தாம் கட்டில்காரியின் குண்டைப் பார்த்துக் கும்பிட்டார்.

இரண்டு மணிக்கு ஜீப் வரவில்லை. மலை இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் மரவள்ளி ஏற்றிய லாரி குறுக்கே நின்றுவிட்டதாகப் போன் வந்தது. இரண்டே கால், இரண்டரை. மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ராஜாங்கம் எழுந்து நின்று கத்தினான்.

"சிஸ்டர்! இந்த அண்ணனுக்கு எறங்குது! குண்டு நாலுக்கு வந்துட்டுது, மூணு… சிஸ்டர், ஓடியாங்க!"

கடைமடைதான் முதலில் காய்ந்தது. பதினொன்றில் குண்டு ஆறில் நிற்க, பன்னிரண்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

மணிமொழி மூன்றாம் கட்டிலிலிருந்து நகர முடியாமல் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "தொண்ணூத்தி நாலுக்கு மேல இருக்கிற கட்டிலுக்கெல்லாம் ஒரே ஒரு புள்ளி கொறைங்க! ஒண்ணுதான், ஜாஸ்தி இல்ல. சீக்கிரம்!"

ஜெயசுதா கிளிப்பைப் பார்த்தாள். சின்னப்பொண்ணுவுக்குத் தொண்ணூற்றைந்து. குறைக்கலாம். குறைக்க வேண்டும். சட்டப்படியே குறைக்கலாம். காலையில் திருட்டுத்தனமாகச் செய்ததை இப்போது செய் என்று சிஸ்டரே சொல்கிறாள், அதுவும் தன் புருஷனுக்காக. கை எழவில்லை. அந்தக் கண் அவள் கையை விட்டு அசையவில்லை.

"என்னால முடியல சிஸ்டர், நீங்க வந்து வைங்க" என்று அழுதாள்.

"கொறைங்கம்மா!" என்று ராஜாங்கம் அங்கிருந்து அதட்டினான். "உங்க வூட்டுக்காரருக்குத்தான! அவ தாங்குவா, நான் சொல்றேன். கொறைங்க!"

அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் ஜெயசுதாவுக்கு உறைத்தது. தெரிந்திருந்தால் இப்படிச் சொல்வானா? அந்த மனுஷன் நெஞ்சாரச் சொல்கிறான். அவளுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அவள் குனிந்தாள். "தே புள்ள, ஒண்ணே ஒண்ணுதான். ஆறுலேருந்து அஞ்சு. நீயே பார்த்துக்கோ" என்று சொல்லி, குண்டு சின்னப்பொண்ணுவின் கண்ணுக்குத் தெரியும்படி உடம்பை ஒதுக்கிக்கொண்டு, திருகை மயிரிழை மயிரிழையாக இறக்கினாள். ஐந்துக் கோட்டில் குண்டு நின்றதும் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினாள். சின்னப்பொண்ணு கையைப் பார்க்கவில்லை, குண்டைப் பார்த்தாள். தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று மூன்று. அவள் மூச்சு வேகமானது. அவளோடு சேர்ந்து ஜெயசுதாவும் இழுத்து இழுத்து மூச்சு விட்டாள்.

பன்னிரண்டில் இறங்கிய குண்டு மூன்றில் நின்று நடுங்கியது. அதற்குக் கீழே போகவில்லை.

எவ்வளவு நேரம் என்று யாருக்கும் நினைவில்லை. வெளியே ஹாரன் சத்தம், கதவு அடிபடும் சத்தம், பிறகு சிமெண்டுத் தரையில் சிலிண்டர் உருளும் சத்தம். ஆறு சிலிண்டர். அதைவிட இனிமையான நாதஸ்வரத்தை அந்த வார்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பாட்டில்களில் குமிழி பொங்கியது. கந்தசாமி வாய்விட்டு அழுதார். ஜெயசுதா முதல் வேலையாகச் சின்னப்பொண்ணுவின் குண்டை ஆறுக்கு ஏற்றினாள். அப்புறம்தான் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். குப்புறக் கிடந்தவனின் முதுகு சீராக ஏறி இறங்கியது.

"எல்லாரும் அவங்கவங்க எடத்துக்குப் போகலாங்க" என்றாள் மணிமொழி. "ஆனா அளவு மாறக் கூடாது."

ஸ்டூல்கள் தரையில் உரசின. ஜெயசுதா எழுந்தாள். ராஜாங்கமும் எழுந்து, சிரித்துக்கொண்டே தன் பெண்டாட்டியிடம் வந்தான். "பார்த்தியா, பொழைச்சிக்கினோம்" என்றான்.

சின்னப்பொண்ணு கையைத் தூக்கி மாஸ்க்கை ஒரு பக்கம் நகர்த்தினாள். மூன்று நாளில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"நீ வராத" என்றாள். "அங்கயே போய்க் குந்து."

"இன்னாடி?"

"நீ அங்க குந்து. இவங்க இங்க குந்தட்டும்."

"ஏன் புள்ள? அதான் காத்து வந்துட்டுதே."

சின்னப்பொண்ணு ஜெயசுதாவைப் பார்த்தாள். முதல் தடவையாகக் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள்.

"காலையிலயும் காத்து இருந்துச்சு" என்றாள்.

மாஸ்க்கை இழுத்து மூடிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டாள். ராஜாங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "காய்ச்சல்ல இன்னாவோ பெனாத்துறா, தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்று ஜெயசுதாவிடம் சொல்லிவிட்டு, பெண்டாட்டி சொன்ன சொல்லைத் தட்டாமல் திரும்பிப் போய் வெங்கடேசனின் தலைமாட்டில் உட்கார்ந்தான்.

ஜெயசுதா பதினொன்றாம் கட்டிலுக்குப் பக்கத்தில் அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். கை இரண்டையும் எல்லாருக்கும் தெரியும்படி முழங்காலின் மேல் வைத்துக்கொண்டாள். குண்டு ஆறில் நின்றது.